பல்லி மட்டும் இறங்கி வரவில்லை

அந்தக் காலத்தில் மனிதருடைய நெஞ்சுக்குள் யாரும் குடியிருக்கவில்லை. தட்டிப் பார்த்தால் காலிக் குடம் மாதிரி சத்தம் வரும். பூச்சியும் பறவையும் பேசிய காலம் அது. மனிதருக்கு யோசனை வேண்டுமென்றால் அவைதான் யோசித்துச் சொல்லவேண்டும். பால்பல் விழுந்து முளைத்த கையோடு ஒவ்வொரு பிள்ளையையும் தேடி ஐந்து உயிர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு சிட்டு, ஒரு குளவி, ஓர் எறும்பு, ஒரு நத்தை, ஒரு பல்லி. எல்லாம் பெருவிரல் அளவுதான். செம்மணல் மேடான தேரிக்காட்டுச் சனங்கள் அவற்றைச் சேக்காளிகள் என்றார்கள். ஆள் சாகும்வரை அவை தோளிலும் தலையிலும் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசும்.

எப்படிப் பேசும் என்கிறீர்களா? சாப்பாட்டு நேரத்தில் ஒரு விருந்தாளி வந்து நிற்கிறார் என்று வையுங்கள். "ஐயோ, சோறு பத்தாதே!" என்று சிட்டு படபடக்கும். "மோப்பம் பிடிச்சு வந்துட்டாரு பாரு," என்று குளவி சுள்ளென்று சொல்லும். "பாவம், வெயில்ல நடந்து வந்திருக்காரு," என்று நத்தை கண் கலங்கும். "போன மாசம் நாம அவுக வீட்டுக்குப் போனப்ப என்ன போட்டாக, நெனச்சுப் பாரு," என்று எறும்பு பழசைக் கிளறும். இத்தனையையும் விருந்தாளி கேட்டுக்கொண்டேதான் நிற்பார். அவருடைய குளவி, "நாங்க ஒண்ணும் சோத்துக்குச் செத்துப்போயி வரல!" என்று திருப்பிக் கொடுக்கும். அவருடைய சிட்டோ, "போயிராதீரும், வீட்டுக்குப் போனா பட்டினிதான்," என்று அவர் மானத்தை வாங்கும். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு வீட்டுக்காரர் வாயைத் திறந்து, "உக்காருங்க, இருக்கிறதச் சாப்பிடுவோம்," என்பார்.

பல்லி மட்டும் இந்தச் சண்டையில் சேராது. உத்தரத்தில் ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். மனிதர் கடைசியில் சொன்ன சொல் நடந்ததோடு பொருந்தினால் "ச்சு ச்சு ச்சு" என்று மூன்று முறை சொல்லும். அதுதான் முத்திரை. பொருந்தாவிட்டால் நடந்தது என்ன என்று வார்த்தையாகவே சொல்லிவிடும். ஆகையால் நடக்காததை நடந்ததாகச் சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. பல்லியைக் கீழே அழைக்க வேண்டுமானால் தரையில் விரல் நுனியால் மூன்று தட்டு தட்டவேண்டும். இறங்கி வந்து உள்ளங்கையில் ஏறிக்கொள்ளும்.

வெயிலுகந்தாளும் அவள் புருஷன் கருக்குவேலும் தேரிக்காட்டில் பனையேறிப் பிழைத்தவர்கள். அவன் பதநீர் இறக்குவான். அவள் விடிலி என்கிற ஓலைக் குடிசையில் அகன்ற தாச்சிச் சட்டியை அடுப்பேற்றிக் கருப்பட்டி காய்ச்சுவாள். அவன் பெண் கேட்டு வந்த அன்றே அவளுடைய குளவி, "மூக்கப் பாரு, முருங்கக்கா மாதிரி," என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டது. "எங்க அம்ம மூக்கு அது, ஒண்ணும் சொல்லாத தாயி," என்று அவனுடைய நத்தை அழுதது. அந்த இடத்திலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது.

ஆறு வருஷத்தில் அவர்கள் வாய்விட்டுப் பேசியது குறைவு. சேக்காளிகள் பேசுவதைக் கேட்டே ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டார்கள். அவன் பனை உச்சியில் இருக்கும்போது "விழுந்திருவோம், விழுந்திருவோம்" என்று அவனுடைய சிட்டு கத்துவது விடிலி வரைக்கும் கேட்கும். "கைய இறுக்கிப் பிடியும்!" என்று இவளுடைய சிட்டு இங்கிருந்து கத்தும். சண்டை போட்ட நாட்களில்கூட, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், அவளுடைய நத்தை அவன் கால் வெடிப்பைப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் என்ன கோபம் நிற்கும்?

அந்த வருஷம் மழையே இல்லை. தேரிக்குக் கீழே இருந்த ஒரே ஊற்றை ஊர்த்தலைவர் கற்பலகையால் மூடிக் காவல் போட்டார். "தண்ணி என் மாட்டுக்குத்தான். ஊரு எப்படிப் போனா எனக்கென்ன?" என்று அவருடைய குளவி சந்தியில் வைத்தே சொன்னது. அவர் அதை மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் கொடுமைகூட வெளிப்படையாக இருந்தது. பலகையைத் தொட்டவன் தலை இருக்காது என்பது கட்டளை. பதநீர் இருந்ததே என்பீர்கள். பதநீரைக் குடித்து எத்தனை நாள் ஓட்டுவது, கைப்பிள்ளைக்கு என்னத்தைக் கொடுப்பது?

ஒரு நடுப்பகலில் கருக்குவேல் போய்ப் பலகையைப் புரட்டித் தள்ளிவிட்டான். பெண்களும் பிள்ளைகளும் குடத்தோடு ஓடிவந்து மொண்டார்கள். காவலர் வீசிய கவண்கல் அவன் பின்மண்டையில் பட்டது. பனைகளுக்குள் புகுந்து ஓடிவந்து விடிலி வாசலில் நின்றான்.

"ஊத்தத் தெறந்துட்டேன், வெயிலு," என்றான்.

கண் செருகி அப்படியே சரிந்தான். "தொரத்திட்டு வா..." என்று ஆரம்பித்த அவனுடைய சிட்டும் சொல்லை முடிக்காமல் அவன் மார்பில் சாய்ந்தது. ஆள் மயங்கினால் சேக்காளிகளும் மயங்கிவிடும்.

வெயிலுகந்தாள் அவனை இழுத்துப்போய், அடுப்பெரிக்கக் குவித்து வைத்திருந்த காய்ந்த ஓலைக்கு அடியில் படுக்கவைத்து மூடினாள். ரத்தம் சொட்டிய தடத்தை அழிக்க ஓடினாள். அழிக்கவே வேண்டியிருக்கவில்லை. தேரி மண்ணே ரத்தச் சிவப்பு, எது மண், எது ரத்தம் என்று யாருக்கும் தெரியாது. ஓலைக்குள் இருந்தவனும் சத்தம் காட்டவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அவளுடைய தோளில் இருந்தவர்களைத் தவிர.

"வாறானுவ! மூணு பேரு வாறானுவ! ஓலைய வெலக்கிப் பாத்திருவானுவ!" என்று சிட்டு அலறியது.

"வரட்டும். கருப்பட்டி கிண்டுற துடுப்ப எடு, மண்டையில போடு," என்றது குளவி.

"அவுகளுக்கு மூச்சுத் திணறுமே, ஒரு ஓலைய மட்டும் நீக்கி வையி," என்று நத்தை கெஞ்சியது.

"காலையிலயே போவாதீரும்னு சொல்லிருக்கணும். ஏன் சொல்லல? ஏன் சொல்லல?" என்று எறும்பு அரித்தது.

"சத்தம் போடாதிய," என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க சத்தத்துல அவுக உசிரு போயிரும்."

"பேசாம எப்படி இருக்க? பேசத்தானே வந்திருக்கோம்," என்றது சிட்டு. அது சொன்னதும் நியாயம்தான்.

அந்த நேரம் பார்த்துத் தாச்சியில் பதநீர் நுரைத்துப் பொங்கியது. பொங்கினால் ஓர் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள், அடங்கிவிடும். அவள் கை பழக்கத்தில் எடுத்து நசுக்கிப் போட்டது. நுரை சட்டென்று உள்ளே அமுங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து அவள் செய்ததைச் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கையை நீட்டினாள். தினமும் தினையும் கம்பும் கொடுத்த கை. சிட்டு நம்பி வந்து உட்கார்ந்தது. அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டாள். விழுங்கியேவிட்டாள்! அதுவரை உலகத்தில் எந்த மனிதரும் தன் சேக்காளியை ஒரு விரலால்கூட அடித்ததில்லை. சிட்டு நெஞ்சுக்கூட்டுக்குள் போய் விழுந்து படபடவென்று அடித்துக்கொண்டது. குளவி நாக்கில் கொட்டிவிட்டுத்தான் இறங்கியது. நத்தை ஒன்றுமே செய்யவில்லை, கொம்பை நீட்டி "நீயா?" என்று மட்டும் கேட்டது. அது தொண்டையில் அடைத்துக்கொண்டது. கண்ணீர் தள்ள முழுங்கினாள். எறும்பு "ஏன் சொல்லல, ஏன் சொல்லல" என்று சொன்னபடியே உள்ளே போயிற்று.

பல்லி சுவரில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தது. அவள் எட்டிப் பிடித்தாள். கையில் வால் மட்டும் வந்தது. பல்லி உத்தரத்துக்கு ஏறிவிட்டது. அறுந்த வால் அவள் உள்ளங்கையில் கிடந்து துடித்தது. அதற்குள் வாசலில் நிழல் விழுந்துவிட்டது.

காவலர் மூவரில் மூத்தவர் பெயர் சங்கிலி. அதே ஊர்க்காரர், வெயிலுகந்தாளைச் சின்ன வயதிலிருந்து தெரியும். வரும்போதே அவருடைய சிட்டு, "கால் பொரியுது, வெரசா கேட்டுட்டுப் போவோம்," என்றது. அவருடைய நத்தை, "அந்தத் தண்ணிய நம்ம பேத்தியும்லா குடிச்சிது," என்று மூக்கைச் சிந்தியது. அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏ தாயி, கருக்குவேலு இங்க வந்தானா?"

"வரல, அண்ணாச்சி."

அவ்வளவுதான். அதற்கு முன்னும் சத்தமில்லை, பின்னும் சத்தமில்லை. கூட வந்த இளவட்டங்கள் இருவரும் பேயைப் பார்த்ததுபோல இரண்டடி பின்னால் போனார்கள். ஒரு பெண் தன்னந்தனியாக ஒரு சொல் சொல்கிறாள், அவள் தோளில் யாருமே இல்லை. செத்த பிணத்தின் தோளைத் தவிர வேறு எந்தத் தோளும் அப்படி வெறிச்சென்று இருந்து அவர்கள் பார்த்ததில்லை.

"தாயி..." சங்கிலி அவள் தோளையே பார்த்தார். "ஒஞ் சேக்காளிக எங்க?"

"தாச்சியில விழுந்துட்டு, அண்ணாச்சி. இப்பதான். நாலும்."

சங்கிலி தாச்சிக்குள் எட்டிப் பார்த்தார். பதநீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய சிட்டு அவர் குடுமிக்குள் போய் ஒளிந்துகொண்டது. இளவட்டங்களில் ஒருவன் குந்தவைத்து உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

அப்போதுதான் வெயிலுகந்தாளுக்கு அது கேட்டது. நெஞ்சுக்குள்ளிருந்து, அவளுக்கு மட்டும்.

"ஓலைப் பக்கம் கையக் காட்டிரு," என்றது சிட்டு. "நீயாவது பொழைச்சுக்கிடுவ."

அவள் பதறிப்போய்ச் சங்கிலியின் முகத்தைப் பார்த்தாள். அவருக்குக் கேட்கவில்லை. யாருக்குமே கேட்கவில்லை. சிட்டு எப்போதும் இப்படித்தான். இதைவிட மோசமாகவும் உளறியிருக்கிறது. ஒருமுறை வயலில் பாம்பைப் பார்த்தபோது, "அவரு முன்னால போகட்டும், கடிச்சா அவரக் கடிக்கட்டும்," என்று கத்த, கருக்குவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். வெளியே சொன்னால் அது சிட்டின் பேச்சு. உள்ளே சொன்னபோது அது அவளுடைய பேச்சாகக் கேட்டது. இது நானா, நானா இப்படி நினைக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். குளவி சிட்டின் மேல் பாய்ந்தது. நத்தை அழுதது. "இப்படி நெனைச்சுட்டியே, நெனைச்சுட்டியே," என்று எறும்பு பிடித்துக்கொண்டது. வெளியே அவள் கல்லுப்போல நின்றாள்.

சங்கிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"பல்லி இருக்குல்லா. அது ஒரு வார்த்த சொல்லட்டும், நாங்க போயிருதோம்."

பல்லி உத்தரத்திலிருந்து கீழே பார்த்தது. அதற்கு ஓலைக் குவியலும் தெரிந்தது, அவள் மூடிய கைக்குள் துடிக்கும் தன் வாலும் தெரிந்தது. பிறந்தது முதல் அது நடக்காத ஒன்றுக்கு முத்திரை வைத்ததில்லை. நடந்ததைச் சொன்னாலோ ஒரு தலை உருளும். வெயிலுகந்தாள் குனிந்து விரல் நுனியால் தரையில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. வா, இறங்கி வா, நீயும் உள்ளே வந்துவிடு என்று அந்த விரல் கெஞ்சியது.

பல்லி இறங்கவில்லை. வாயைத் திறந்தது. தொண்டை புடைத்தது.

"ச்சு... ச்சு... ச்சு..."

அது முத்திரையா, சொல்ல வந்த வார்த்தையை விழுங்கிய சத்தமா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. சங்கிலி முத்திரை என்றே எடுத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு வேறு எதுவும் பழக்கமில்லை. "மனச விட்டுராத தாயி," என்று சொல்லிவிட்டு இளவட்டங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பல்லி அதன் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பொழுது சாயும்போது கருக்குவேல் கண் விழித்தான். அவனுடைய சேக்காளிகளும் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தன. அவள் அவன் தலைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனுடைய சிட்டு எழுந்ததும் பறந்துபோய் அவள் தோளில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது.

"இங்க இருந்தவ எங்க? ஏட்டி, எங்க ஒளிஞ்சிருக்க?" என்று அது கூப்பிட்டது. உள்ளே அவளுடைய சிட்டு, "இங்க இருக்கேன், இங்க இருக்கேன்," என்று விலா எலும்பில் முட்டியது. வெளியே கேட்கவில்லை.

"வெயிலு," என்றான் கருக்குவேல். "என்ன ஆச்சு? ஏன் ஒரு சத்தத்தையும் காணும்?"

காவலர் வந்ததையும், சேக்காளிகளை விழுங்கியதையும், பல்லி சொன்னதையும் சொன்னாள். சிட்டு சொன்னதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத்தான் வாயெடுத்தாள். "சொல்லிராத," என்று உள்ளே நாலும் ஒரே குரலில் கத்தின. அவை ஒரே குரலில் பேசியது அதுவே முதல் தடவை.

கருக்குவேல் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தான். மூக்கு அதேதான், கண்ணும் அதேதான். ஆனால் பூட்டிய வீட்டின் கதவைப் பார்ப்பதுபோல இருந்தது. ஆறு வருஷமாகக் கேட்டுக்கேட்டுப் பழகிய பெண் எங்கே போனாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இப்ப என்ன யோசிக்க?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் கேட்டதில்லை, கேட்கவேண்டிய தேவையும் வந்ததில்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள் அவள்.

உத்தரத்தில் பல்லி "ச்சு" என்றது. அவள் சட்டென்று தரையில் விரலால் தட்டினாள். அது இறங்கவில்லை.

"இவ யாரு?" என்று அவனுடைய சிட்டு அவன் காதோரம் பதுங்கிக்கொண்டு கீச்சிட்டது. "எனக்கு இவளப் பாத்தா பயமா இருக்கு. இவ எப்ப என்ன செய்வான்னு தெரியலியே."

அவள் அதைக் கேட்டாள். கேட்டு அழுதாள். உயிரைக் காப்பாற்றியவளை இப்படிச் சொல்லிவிட்டதே என்று அவனுக்கு அவமானம் தாங்கவில்லை. "அது கெடக்கு விடு, வெயிலு," என்றான். ஆனால் சிட்டு நிறுத்தவில்லை. அவன் என்ன நினைத்தாலும் அவளுக்குக் கேட்கிறது, அவள் நினைப்பது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. அப்படி எத்தனை நாள் வாழ முடியும்? மூன்றாம் நாள் பொழுது விடிந்ததும் அவனே கையை நீட்டித் தன் சிட்டை அழைத்தான்.

அவனுடைய பல்லியும் பிடிபடவில்லை.

சங்கிலி போய்ச் சொன்னதும் ஊர் முழுக்க அதே பேச்சானது. பிறகு தாச்சிக்குள் எலும்பு எதுவும் இல்லை என்பது தெரிந்து, நடந்தது என்ன என்று முதலில் தலைவர் காதுக்குக் கசிந்தது. அவர் அதைக் கேட்டுக் கருக்குவேலைத் தேடுவதையே விட்டுவிட்டார், அதைவிட நல்ல வித்தை அவருக்குக் கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தன்னுடைய நாலையும் விழுங்கினார். வெளியே வந்து சந்தியில் நின்று, "உங்க நன்மைக்குத்தானய்யா ஊத்த மூடி வச்சேன்," என்றார். குளவி பேசவில்லை. அவர் வீட்டுக் கூரையில் பல்லி "ச்சு ச்சு ச்சு" என்றது. சனங்கள் முத்திரை என்று நம்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அதன் பிறகு யார்தான் தன் சேக்காளிகளை வெளியே வைத்திருப்பார்? புருஷன் விழுங்கினான் என்று பெண்டாட்டி விழுங்கினாள், அண்ணன் விழுங்கினான் என்று தம்பி விழுங்கினான். அடுத்த மழைக்குள் தேரிக்காடு முழுக்க அமைதியாகிவிட்டது. பால்பல் விழுந்த பிள்ளைகளைத் தேடி வந்த சேக்காளிகளும் தோளில் உட்கார இடம் கேட்காமல் நேரே உள்ளே போகப் பழகிக்கொண்டன.

வெயிலுகந்தாளும் கருக்குவேலும் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் வைத்த பிரியமும் குறையவில்லை. அவன் பனை உச்சியில் இருக்கும்போது இரண்டு சிட்டுகளும் இரண்டு நெஞ்சுக்குள் கத்தும். தேரிக்காட்டில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். எத்தனையோ முறை அவன் "என்ன யோசிக்க?" என்று கேட்டான். எத்தனையோ முறை அவள் அன்றைக்குச் சிட்டு சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவன் சிரித்திருப்பான், பாம்பைப் பார்த்த அன்று சிரித்ததுபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான். அவளுக்கு அது தெரியாமலே போயிற்று.

அன்று முதல்தான் பல்லி எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் சுவரிலேயே இருக்கிறது. அதன் சத்தம் கேட்டால் நாமும் காரணம் தெரியாமல் தரையில் விரலால் தட்டி அதைக் கூப்பிடுகிறோம். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து "என்ன யோசிக்கிற?" என்று கேட்டால், உள்ளே நாலு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போதே, "ஒண்ணுமில்ல" என்கிறோம்.